உங்க வீட்ல எத்தனை ஃபேன்?

என் அண்ணன் ஷ்யாமுக்கு யாருடைய பெயரும் சட்டென்று ஞாபகம் வராது. ஆனால் அவர்கள் வீட்டு ஃபேன் ஞாபகம் இருக்கும். கல்பாக்கம் கடைத்தெருவில் அப்பாவின் ஆபீஸ் நண்பர் யாராவது எதிரே வந்தால், "ஹால்ல கிரீம் கலர், நாப்பத்தெட்டு இன்ச், மூணாவது இறக்கை லேசா வளைஞ்சிருக்கும்" என்பான். அந்த மனிதர் வணக்கம் சொல்வதா, வீட்டுக்குப் போய் இறக்கையைப் பார்ப்பதா என்று புரியாமல் நிற்பார். புதிதாக யாரைப் பார்த்தாலும் அவனுக்கு ஒரே கேள்விதான்: "உங்க வீட்ல எத்தனை ஃபேன்?"

அவனுக்கு இருபது வயதானபோதுதான் சென்னையில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அதுவரை சொந்தக்காரர்கள் "ஒரு மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயர் தெரிந்த பிறகும் அதையேதான் சொன்னார்கள், குரலை மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு ஃபேன் கேள்வி. பதில் சொன்னால்தான் சோறு. "கெபாசிட்டர் வீக்கானா ஃபேன் எப்படிச் சுத்தும்?" என்று ஷ்யாம் கேட்பான். "மெதுவாச் சுத்தும்" என்பேன். "பிரதீபா, சாப்பிடலாம்" என்று உத்தரவு கொடுப்பான். அப்பா பாலசுப்ரமணியன் அணுமின் நிலையத்தில் பெரிய டெக்னீஷியன். ஆனாலும் புதுப்பட்டினம் காயலான் கடையில் எரிந்துபோன மோட்டார் கிடைத்தால் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். அம்மா தெய்வநாயகி கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கமாட்டாள். மேலே பார்த்து, நன்றாகச் சுற்றுகிற ஃபேனுக்குக் கீழே ஷ்யாமுக்கு ஒரு நாற்காலி பிடிப்பாள். நான்தான் முணுமுணுப்பேன். முணுமுணுத்துக்கொண்டே கெபாசிட்டர், பேரிங், ரெகுலேட்டர் எல்லாம் கற்றுக்கொண்டேன்.

இப்படிப்பட்ட வீட்டில் அந்தக் காரியம் எப்படி நடந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. முதல் எரிச்சல் என் மேல்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம். எனக்கு இருபத்து நாலு வயது, ஷ்யாமுக்கு இருபத்தேழு. அதற்குள் இரண்டு வரன்கள் வந்து, ஷ்யாமைப் பார்த்து, காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது வரன் செங்கல்பட்டிலிருந்து. மாப்பிள்ளை பிரவின்குமாருக்குச் சென்னையில் வேலை. தரகர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அன்று சாயங்காலம் என் விவரத் தாளைப் புதிதாக எழுதினோம். எழுதினோம் என்ன, எழுதியது நான்தான். வீட்டில் என் கையெழுத்துதான் அழகு. "உடன்பிறந்தோர்" என்ற இடம் வந்ததும் அப்பா சுவரைப் பார்த்தார். நான் "இல்லை" என்று எழுதினேன். "நிச்சயம் ஆனப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஷ்யாம் அந்தத் தாளை எடுத்து வாசித்தான். எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் வாசிப்பவன். மடிப்புக் கலையாமல் இருந்த இடத்திலேயே வைத்தான்.

பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை முன்தெருவில் ஏசுபாதம் மாமா வீட்டில் விடுவதாக ஏற்பாடு. மாமா அப்பாவோடு வேலை பார்ப்பவர். மனைவி ஊருக்குப் போயிருந்தார்; மாமாவுக்கு நைட் ஷிஃப்ட் என்பதால் பகலெல்லாம் தூக்கம். அப்பா ஷ்யாமுக்கு மூன்று சட்டம் போட்டார். நாங்கள் கூப்பிடும்வரை வீட்டுக்கு வரக்கூடாது. எங்கள் வீட்டுப் பையன் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. மாமாவை எழுப்பக்கூடாது. ஷ்யாம் தலையாட்டினான். சட்டம் என்று சொல்லிவிட்டால் அவன் உயிரே போனாலும் மீறமாட்டான்.

எங்கள் குடியிருப்பில் எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. அதே மஞ்சள், அதே கேட், அதே ஜன்னல். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் அடுத்த தெரு வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு "காபி குடு" என்று உட்கார்ந்த கதை தெருவுக்கு ஒன்று உண்டு. அதனால் வெளியூர்க்காரர்களுக்கு அப்பா அடையாளம் எழுதி அனுப்புவார்: முனையிலிருந்து நாலாவது வீடு, வாசலில் செம்பருத்தி. ஏசுபாதம் மாமா வீடும் அவர் தெருவில் நாலாவது வீடுதான். அவர் வாசலிலும் செம்பருத்திதான். எங்கள் செடியிலிருந்து கிளை ஒடித்துக் கொடுத்து நடச் சொன்னவள் என் அம்மா.

ஆட்டோ ஒரு தெரு முன்னாலேயே திரும்பிவிட்டது.

நடந்ததைப் பிறகு எல்லோரும் சேர்ந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். செங்கல்பட்டுக்காரர்கள் நாலு பேர் பழத்தட்டோடு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஷ்யாம் திறந்தான்.

"பிரதீபா ரெடியாப்பா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"புடவை கட்டிக்கினு இருக்கா. பத்து நிமிஷம் ஆவும்" என்றான் ஷ்யாம். அவன் கிளம்பும்போது நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஷ்யாம் ஃபேனை மூன்றில் வைத்தான்.

உள்ளறையிலிருந்து குறட்டை கேட்டது. "யாருப்பா அது?" என்றார் அந்தம்மா.

"மாமா. எழுப்பக் கூடாது."

பெண் பார்க்க வந்த நேரத்தில் குறட்டை விடுகிற இந்தக் குடும்பத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இங்கே எங்கள் வீட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. அப்பா வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து செருப்பைத் தேய்த்தார். "பஸ்ஸு லேட்டாயிருக்கும்" என்று அம்மா நாலாவது தடவை சொன்னபோது, ஏசுபாதம் மாமா லுங்கியோடு ஓடிவந்தார்.

"சார், இன்னா சார் இது? தூங்கி ஏந்து வந்தா என் வூட்டு ஹால்ல நாலு பேரு பழத்தோட குந்திகினு கீறாங்க. நம்ம ஷ்யாம் அவங்களுக்குப் பாடம் நடத்திகினு கீறான். உங்க ஆளுங்கதான் சார் அவங்கோ!"

நான் எதையும் யோசிக்கவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் ஓடினேன். மாமா வீட்டு வாசலில் ஷ்யாமின் குரல் கேட்டது.

"உங்க வீட்ல எத்தனை ஃபேன்?"

"நாலோ அஞ்சோ... யாரு தம்பி எண்ணினது?" என்றார் அந்தம்மா.

"எண்ணணும். எண்ணிட்டுச் சொல்லுங்க."

மாப்பிள்ளை சிரித்தார். அவர் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். அதுவும் அது கேலிச் சிரிப்பா என்று கண்டுபிடித்துச் சண்டை போடத்தான் பார்த்தேன். "எங்க ஹால் ஃபேன் டக்கு டக்குன்னு சத்தம் போடுது. ஏன்?" என்று அவர் கேட்டார்.

"ஒரு சுத்துக்கு ஒரு டக்கா? விட்டு விட்டா?"

"கவனிச்சதில்லையே" என்றார் அவர். அந்தம்மாதான் பேச்சை மாற்றினார். "இவ்ளோ விவரமாப் பேசறியே, நீ பிரதீபாவுக்கு என்னப்பா வேணும்?"

ஷ்யாம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டம் இருக்கிறது. பொய்யும் சொல்லத் தெரியாது. விரல்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

"நான் பேப்பர்ல இல்ல" என்றான்.

அவ்வளவு வெட்கம் அதற்கு முன்பும் பின்பும் நான் பட்டதில்லை. வெட்கம் வந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

"அவன் என் அண்ணன்!" என்று கத்தினேன். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் குரலை முதலில் கேட்டது அப்படித்தான். "கூடப் பொறந்த அண்ணன். இல்லைன்னு எழுதினது நான். அவனை இங்க ஒளிச்சு வெச்சதும் நாங்கதான். அந்தப் பேப்பரைக் குடுங்க."

அந்தம்மா கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து பேனாவை நீட்டினார். "இல்லை"யை அடித்துவிட்டு, "அண்ணன் ஷ்யாம், வயது 27" என்று எழுதினேன். ஷ்யாம் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். "ஃபேன்னு எழுது" என்றான். அதையும் எழுதினேன். அவசரத்தில் அழகான கையெழுத்தெல்லாம் காணாமல் போயிற்று. வாசலில் நின்ற அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஜ்ஜி அங்கேயே வந்தது. சாப்பிட்டார்கள். அந்தம்மா தாளை மடித்துப் பையில் வைத்து, "கடுதாசி போடறோம்" என்று எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா யாரையும் திட்டவில்லை. சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, ஷ்யாமின் எதிரில் உட்கார்ந்து, "ஒரு கேள்வி கேளுடா கண்ணா" என்றாள். அவன் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் தட்டுக்கு முன்னால் காத்துக்கொண்டிருப்போம். அவன் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். கல்யாணம் போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினெட்டாம் நாள் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. அப்பா பெயருக்கு இல்லை, ஷ்யாம் பெயருக்கு. பிரிக்காமல் அவன் கையில் கொடுத்தோம். அவனுக்கு எதையும் சத்தமாகத்தான் வாசிக்க வரும்.

"தம்பி ஷ்யாமுக்கு ஆசீர்வாதம். எண்ணிவிட்டேன். ஹாலில் இரண்டு, படுக்கையறைகளில் மூன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் ஒன்று. ஆக ஏழு. ஹால் ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்கிறது; பிரவின் ஸ்டூல் மேல் ஏறி நின்று கேட்டுச் சொன்னான். உன்னைப் பற்றி எங்களுக்கு யோசனை இல்லை. இருக்கிற அண்ணனை இல்லை என்று எழுதின பெண்ணைப் பற்றித்தான் யோசித்தோம். பதினைந்து நாள் யோசித்தோம். அவளே அடித்து எழுதிவிட்டதால் சரி என்று முடிவு செய்தோம். அவளுக்கும் இஷ்டமென்றால் நல்ல நாள் பார்த்து அப்பாவை வரச் சொல். நீயும் வா. ஸ்டூல் இருக்கிறது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கோ கோபம்தான் வந்தது. என்னைத் திட்டி எழுதிவிட்டு என்னையே பெண் கேட்கிற இந்தம்மா யார்! அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. மாமியாரான பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிக் காட்டுகிறார். நானும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். ஷ்யாம் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். என்னைப் பார்த்தான். என்னை என்றால், வழக்கம்போல என் தோளுக்குப் பக்கத்தில்.

"ஒரு சுத்துக்கு ஒரு டக். இன்னா காரணம்?"

"இறக்கை ஸ்க்ரூ லூஸ்" என்றேன்.

"பிரதீபா, சாப்பிடலாம்" என்றான்.