நாலாவது பாட்டில்

…இருநூறு மில்லி என்று பாட்டிலின் வயிற்றிலேயே அச்சடித்திருக்கிறது, கண் இருக்கிறவன் படித்துக்கொள்ளட்டும், நான் ஏன் சொல்ல வேண்டும், என்று நினைத்தபடியே அவர் வரிசையில் இன்னும் ஓரடி நகர்ந்தார். முன்னால் சகலை, சகலையின் தோளில் அந்தப் பை, பையின் பக்கவாட்டு உறையில் அந்தத் தைலப் பாட்டில், கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, அப்பன் தோளில் ஏறிய பிள்ளை மாதிரி விமான நிலையத்தையே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறது. பக்கத்தில் மாமியார், வரிசை நிற்கும்போதெல்லாம் குனிந்து முழங்காலைத் தடவிக்கொள்கிறார். வெளிநாட்டில் மச்சான் புது வீடு வாங்கியிருக்கிறான், பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் போன வாரமே போயாகிவிட்டது, மாமியாரைப் பத்திரமாகக் கூட்டி வருவது இரண்டு மாப்பிள்ளைகள் பொறுப்பு என்று ஏற்பாடு. இரண்டு மாப்பிள்ளைகள்… பேச்சுக்கு இரண்டு. பாட்டில் யார் பையில் இருக்கிறது என்று பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும். பெரிய பெட்டிகளைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்ததும் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானைக்குள்ளிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தார், முழங்காலில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார், மூடினார், நிமிர்ந்தார், இவர் கை தானாக நீண்டுவிட்டது, பழக்கம், இருபது வருஷப் பழக்கம், மாமியார் எதைக் கழற்றினாலும் வாங்கி வைப்பது இந்தக் கைதான், மருத்துவமனையில் அவருடைய பல்செட்டை வாங்கி வைத்த கை, அந்தக் கையைத் தாண்டி, நடுவழியில் கிடக்கும் கல்லைத் தாண்டுகிற மாதிரி தாண்டி, “சின்ன மாப்பிள்ளை, இத உங்க பையிலயே வச்சிருங்க” என்று… நீட்டிய கையை என்ன செய்வது, அதற்கு ஒரு வேலை வேண்டாமா, கைக்கடிகாரம் கட்டாத அந்த மணிக்கட்டில் மணி பார்த்துவிட்டு அவர் அதை மெல்லப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

யாராவது பார்த்திருப்பார்களோ… பார்க்கட்டும். அலுவலகத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் ‘சுற்றறிக்கை’ என்று சொன்னாலே ஆள் யாரென்று தெரியும், மேசை விளக்கை அணைப்பதற்கும் கழிப்பறைக் குழாயை மூடுவதற்கும் பத்தி பிரித்து எழுதத் தெரிந்தவர், குடும்பத்திலும் அந்தப் பெயர்தான், ஆனால் குடும்பத்தில் அதைச் சொல்லும்போது ஏன் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்தப் பயணத்துக்கும் எழுதி அனுப்பினார். கைப்பையில் திரவம் எதுவானாலும் பாட்டிலின் கொள்ளளவு நூறு மில்லிக்கு மேல் கூடாது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை, பாட்டில் எவ்வளவு பெரியது என்பதே கணக்கு, பசை, களிம்பு, எண்ணெய் அனைத்தும் திரவமே, எல்லாம் கண்ணாடி போன்ற ஒரே பையில், சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ எதுவும் இருத்தல் ஆகாது… இப்படி நீளமாக. குடும்பக் குழுவில் அதற்கு வந்த ஒரே பதில் சகலையின் கட்டைவிரல். கட்டைவிரலுக்குக் கீழே மாமியார், ‘சின்ன மாப்பிள்ளை கூட வர்றதால கவலை இல்லை’ என்று குரல் செய்தி. யார் எழுதியது, யார் கூட வருகிறார்? நெல்லு குத்துகிறவள் ஒருத்தி, சோறு தின்கிறவன் வேறொருத்தன்.

அவன் பறக்கிறான், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், மருத்துவமனைகளுக்கு இயந்திரம் விற்கிறவன், மாதத்துக்கு இரண்டு தடவை பறக்கிறான், பெட்டியைத் தொட்டுத் தள்ளினால் வளர்ப்பு நாய் மாதிரி கூடவே உருண்டு வருகிறது, இவருடைய பெட்டி என்றால் ஒரு சக்கரம் போகிற திசைக்கு இன்னொன்று போவதில்லை. இன்று கிளம்பும்போது மாமியார் வாய்விட்டு, “சின்னவருக்கு ஏர்போர்ட்டு வீட்டு வாசல் மாதிரி” என்றார். வாசல். வாசலில் தினம் நிற்கிறவனுக்கெல்லாம் வீட்டுச் சட்டம் தெரியுமா, காவலாளிக்குத் தெரிந்துவிடுமா? பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து அவன் சொன்னானே, நகைக்கடைக்காரன் கல்லைப் பார்க்கிற தோரணையில், “கால்வாசிதான் இருக்கு அத்தை, அம்பது மில்லிகூட வராது, தாராளமா போகும்” என்று, அப்போது இவர் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது பாருங்கள், கோடையில் பானைத் தண்ணீர் குடித்த மாதிரி. போகாது. போகவே போகாது. ஒரு சொட்டு இருந்தாலும் அது இருநூறு மில்லி பாட்டில்.

சொல்லிவிடலாமா… இன்னும் நேரம் இருக்கிறது, முன்னால் ஒரு குடும்பம் பிள்ளைக்குப் பால் புட்டியைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டிருக்கிறது, ஓர் ஆள் வீணாக்க மனமில்லாமல் ஒரு முழுப் பாட்டில் தண்ணீரை நின்ற இடத்திலேயே குடித்துத் தீர்க்கிறான், குடித்து முடித்ததும் சாதித்துவிட்ட முகம். அவர் கை கால்சட்டைப் பைக்குள் போயிற்று. அங்கே அது இருந்தது. நான்கு குட்டிப் பாட்டில்கள் கொண்ட கட்டு ஒன்று வாங்கினார், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் முகம் கழுவுவது, ஒன்றில் தலைக்குப் பூசும் கறுப்பு (அது வெறும் கண்டிஷனர் என்று வீட்டில் நம்புகிறார்கள்), நாலாவது காலி. சும்மா காலியில்லை, காரணத்தோடு காலி. எவனாவது ஒருவன் பெரிய பாட்டிலோடு மாட்டிக்கொண்டு முழிப்பான், அது சகலையாக இருந்தால் தேவலை, அந்த நேரத்தில் இவர் பதறாமல், ஒரு புன்னகைகூட இல்லாமல், பையிலிருந்து எடுத்து நீட்டுவார், “இதுல ஊத்திக்கங்க.” அவ்வளவுதான் வசனம். மாமியார், “பெரியவர் பெரியவர்தான்” என்பார். போன வாரம் முழுக்கப் படுக்கையில் மல்லாந்து அவர் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அது. அதே காட்சி இதோ வருகிறது, வரிசையில் நாலு பேர் தள்ளி வருகிறது, கை மட்டும் வெளியே வர மாட்டேன் என்கிறது. நீட்டி ஒரு தடவை அவமானப்பட்டது போதாதா என்று கேட்கிறது.

பாவம், முழங்கால். விமானத்தில் மடக்கி உட்கார்ந்தால் பூட்டிக்கொள்ளும், மச்சான் வீட்டில் படுக்கையறை மாடியில், அந்த ஊர்க் கடையில் இந்தத் தைலம் கிடைக்காது, வைத்தியர் காய்ச்சித் தருவது… தெரியும், தெரியும், எல்லாம் தெரியும். பாட்டில் கைமாறிய நிமிஷத்தில் சொல்லியிருந்தால் மாமியார் என்ன சொல்லியிருப்பார், “உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சட்டம்” என்றிருப்பார். பட்டுத் தெரியட்டும். யாருக்குத் தெரியட்டும்? அவனுக்குத்தான். வலிக்கப் போவது அவன் காலா… அவர் அந்தக் கேள்வியை வரிசையில் தனக்குப் பின்னால் வந்தவரை முன்னே விடுகிற மாதிரி ஒதுங்கி விட்டுவிட்டார்.

சகலை தட்டில் பையை வைத்தான், இடுப்பு வாரைக் கழற்றினான், அவனுக்குத் தொப்பை இல்லாததால் வார் இல்லாமலும் கால்சட்டை நிற்கிறது, அதுவும் ஒரு குறை இவருக்கு. மாமியாரைக் கைத்தாங்கலாக முதலில் அனுப்பினான், பின்னால் அவனும் போனான். தட்டைச் சுமந்த பட்டை ஓடியது. நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைச் சாய்த்தார், பை மட்டும் தனியாக ஒரு மேசைக்குப் போயிற்று, கையுறை போட்ட பெண் அதிகாரி உறையிலிருந்து பாட்டிலை இரண்டு விரலால் எடுத்தாள், திருப்பி எண்ணைப் படித்தாள். இந்தப் பக்கம் நின்ற அவருக்குக் காதெல்லாம் சூடாயிற்று, கல்யாணப் பந்தியில் தன் இலைக்குப் பரிமாறுகிறவன் வந்துவிட்ட மாதிரி.

“இது போகாதுங்க. இருநூறு மில்லி.”

“மேடம், உள்ள கொஞ்சம்தாங்க இருக்கு.”

“உள்ள இருக்கறத யாரு கேட்டா? பாட்டில் பெருசு.”

அப்படிப் போடு. அவர் எழுதியதை எழுத்து பிசகாமல் சொல்கிறாள், படித்திருப்பாளோ. சகலை சிரித்தான், அந்தச் சிரிப்பில்தான் அவன் இயந்திரங்களை விற்கிறான், அவளிடம் விலை போகவில்லை. ஆனால் மாமியார் மேசையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைக் காட்டி ஏதோ சொன்னார், அந்தப் பெண்ணின் முகம் இளகியது. “சின்ன பாட்டில் ஏதாவது இருந்தா ஊத்திக்கங்க பாட்டி, நான் பார்த்துக்கறேன். காலி பாட்டில் இருக்கா?” இல்லை. சகலை கழுத்தைத் திருப்பி, எல்லோருக்கும் கேட்க, “அண்ணா, உங்ககிட்ட காலி பாட்டில் எதாச்சும் இருக்கா?” என்றான்.

இது காட்சியில் இல்லாத திருப்பம். கேட்டுக் கொடுப்பதற்கும் கேட்காமல் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம், இப்போது எடுத்தால் ‘பையிலேயே வச்சிருந்தீங்களா, அப்ப முன்னாடியே தெரியுமா’ என்று வராதா, அவன் கேட்டு நான் கொடுத்தால் பெயர் யாருக்கு, கேட்டவனுக்கா கொடுத்தவனுக்கா… கை பைக்குள் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தது, தலை அதற்குள் இடமும் வலமும் ஆடிவிட்டது. “இல்லையே.” குரல்கூடத் தெளிவாக வந்தது. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். தைலம் தொட்டிக்குள் விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, தொட்டியில் ஏற்கெனவே நிறைய பாட்டில்கள்.

“விடுங்க சின்ன மாப்பிள்ளை, உங்க தப்பில்ல” என்று மாமியார் அங்கே சொல்வது கேட்டது. “பெரியவர்கிட்ட குடுத்தா சட்டம் பேசி அங்கேயே போட்டுடுவார்னு பயந்துதான் உங்ககிட்ட குடுத்தேன். அவரும் பார்த்துட்டுதான் இருந்தார், ஒண்ணும் சொல்லல. அவரே சும்மா இருக்காருன்னா போகும்போலன்னு நெனச்சுட்டேன். பாவம், அவருக்கே மறந்துபோச்சு.”

பயந்து… அவரே சும்மா இருக்காருன்னா… அப்படியானால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, மாமியார் பார்த்தது அவன் முகத்தை இல்லையா, என் முகத்தையா, என் முகம் அப்போது எப்படி இருந்தது? “சார், பாக்கெட்ல இருக்கறத எல்லாம் தட்டுல வைங்க, அடுத்தது, வாங்க.” கால்சட்டைப் பையில் எதுவும் இருத்தல் ஆகாது. எழுதியவர் அவர்தான். ஒளித்துக்கொண்டு போனால் இயந்திரம் கத்தும், கையுறை வந்து துழாவும், எல்லோரும் பார்க்க எடுப்பார்கள். கைப்பேசியை வைத்தார், சாவியை வைத்தார், குட்டிப் பாட்டிலை வைத்தார், அதன்மேல் கைக்குட்டையை விரித்தார், செத்தவனுக்குப் போர்த்துகிற மாதிரி நான்கு ஓரமும் இழுத்து. தட்டு இருட்டுக்குள் போயிற்று. அவர் கையைத் தூக்கிக்கொண்டு சோதனைச் சட்டத்துக்குள் நுழைந்து, திருடனைப் போல நின்று, அந்தப் பக்கம் வந்தபோது தட்டு அவருக்கு முந்தி வந்துவிட்டிருந்தது. வருகிற வழியில் குலுங்கிக் கைக்குட்டை ஒரு பக்கம் சுருண்டிருந்தது. தட்டுக்கு முன்னால் மாமியார். சகலை கொஞ்சம் தள்ளிக் குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

மாமியார் பாட்டிலைப் பார்த்தார். எடுத்தார், மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனார், மறுபடி மூடினார். எந்தப் பாட்டிலையும் முகர்ந்து பார்ப்பது அவருக்கு வழக்கம்தான், அதில் ஒன்றுமில்லை. பிறகு அதைப் பழைய இடத்திலேயே வைத்து, கைக்குட்டையை எடுத்து அதன்மேல் போட்டு, ஓரத்தை உள்ளே செருகினார்.

“உங்க சாமான எடுத்துக்கங்க, பெரிய மாப்பிள்ளை.”

“அத்தை, அது…”

“நேரமாகுது.”

சகலை நிமிர்ந்தான், “சாரி அண்ணா, நீங்க எழுதுனத நான் சரியா படிக்கல, அத்தையோட தைலத்த நான்தான் தொலைச்சேன்” என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு, எல்லார் பைகளையும் தானே தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். மாமியார் இவர் முழங்கைக்குள் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷத்தில் இப்படிப் பிடித்ததில்லை, கையில் இன்னும் தைல வாசனை, சட்டையில் ஒட்டிக்கொள்ளும். சாய்ந்து நடப்பதற்காகப் பிடித்திருக்கிறாரா, நழுவ விடக்கூடாது என்று பிடித்திருக்கிறாரா, அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை, ஒவ்வொரு அடிக்கும் அது கூடிக் குறைந்தது, முழங்கால் வலிக்கும் அப்படித்தான் இருக்கும். கால்சட்டைப் பைக்குள் பாட்டில் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. முன்னால் சகலை வெறுங்கையை வீசிக்கொண்டு, கூட வந்த யாரிடமோ நடந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போகிறான், அவனிடம் இருந்ததை ஊர் பார்க்கப் பிடுங்கித் தொட்டியில் போட்டுவிட்டார்கள், அவனுக்கு அதோடு முடிந்தது… அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அவன்மேல் மறுபடியும் வயிறு எரிந்தது.