ஒருசந்தி பிடித்த மீன்

முல்லைத்தீவுக் கடலில் மரியநேசன் பிடித்துக் கொன்ற மீன்களுக்குக் கணக்கில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர், "பன்னிரண்டு மீன், ஒண்டும் சாகவிடமாட்டன்" என்று கரையோர மீன்வாடியில் எல்லார் முன்னாலும் வீராப்புப் பேசிவிட்டு, இப்போது கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டுக் காவல் இருந்தார்.

தை மாதத்தில் முழங்கால் வலி அவரைக் கரையில் இருத்திவிட்டது. சும்மா இருக்கிற தகப்பன் தாயைப் போட்டு அரித்துவிடுவார் என்று பயந்த மகன் றொமேஸ், வவுனியாவிலிருந்து நாலடித் தொட்டியொன்றையும், ஆபிரிக்காவின் மலாவி ஏரி இனத்துச் சிக்லிட் மீன்களையும் கொண்டுவந்து இறக்கினான்.

"இதுகள் சண்டைக்காரர், அப்பா. செடி வைச்சால் பிடுங்கிப் போடுவினம். கல்லை அடுக்கி ஒளிக்க இடம் குடுங்கோ, அதுவே காணும்."

"செடியில்லாத தொட்டி மொட்டைத் தலை மாதிரி" என்று மனைவி றோசம்மா சொல்வழி கேளாமல் நட்ட செடிகள் இரண்டே நாளில் மேலே மிதந்தன. மரியநேசன் சிரித்தார். கரையில் ஒதுங்கிக் கிடந்த, ஓட்டை ஓட்டையான முருகைக்கற்களைப் பொறுக்கி, அவித்துக் கழுவி, பொந்து பொந்தாக அடுக்கினார். கேத்தலில் வெள்ளைச் சுண்ணாம்பாய்ப் படிகிற கிணற்றுத் தண்ணீரையே விட்டார். மீன்களுக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. எட்டி நின்று பார்த்தால் கல்லடுக்கு அச்சொட்டாக லூர்து மாதாவின் குகைக் கெபி.

றோசம்மாவுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "சின்ன மாதா சுரூபம் ஒண்டு கிடக்கு. வைக்கட்டே?"

"இது மீன்ர வீடு. கோயில் இல்லை."

மற்றவர்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கிற பெரிய நீல மீனுக்கு அவரே 'சம்மாட்டி' என்று பேர் வைத்தார். வாடியில் அவரை நாற்பது வருசம் விரட்டிய முதலாளியின் நினைவாகத்தான்.

எல்லாம் சரியாகத்தான் போனது, மஞ்சள் மீன் சாப்பாட்டை விடும்வரைக்கும். தாடை வீங்கி, எதையோ மென்றபடி அடிப்பொந்துக்குள் ஒதுங்கி நின்றது. ஒரு கிழமை போனது, இரண்டு போனது, மூன்றாவதும் போனது. தீனி மூக்குக்கு முன்னால் விழுந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தபசு காலமெல்லே, அவளும் சாப்பாட்டை விட்டு ஒருசந்தி பிடிக்கிறாள்" என்றாள் றோசம்மா. "இந்த வீட்டில நீங்கள் ஒராள்தான் பிடிக்கிறேல்லை."

பின்னேரங்களில் வாடி ஆட்கள் வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, "இண்டைக்கு எத்தினை மிதந்தது, அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு விரல் நீள மீனுக்காகத் தான் படுகிற பாடு மரியநேசனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது செத்துப்போனால் தாங்கமாட்டார். அது அவருக்கே தெரிந்தது.

யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். இந்த மீன்கள் வாயால் மண் கிண்டுகிறவை. தொண்டையில் கல் இறுகியிருக்கிறது! ஆயிரம் வாய்களிலிருந்து தூண்டில் முள் கழற்றிய கைக்கு ஒரு கல் எம்மாத்திரம்? வலையால் கோலி, ஈரக்கையில் பிடித்து, சின்னவிரல் நகத்தால் கீழ்த்தாடையை மெல்லத் திறந்தார்.

உள்ளே கல் இல்லை. கண்கள். வாய் நிறையக் குட்டி மீன்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"றோசம்மா!"

குசினியிலிருந்து தேங்காய்ப்பூக் கையோடு ஓடி வந்தாள். "செத்துப்போச்சோ?"

"பிள்ளையள்... வாய்க்குள்ள பிள்ளையள் வைச்சிருக்கிறாள்!"

"ஐயோ, பெத்தவள் பிள்ளையளுக்காகப் பட்டினி கிடக்க, நீங்கள் முள்ளுக் கழட்டப் போனியளோ?"

உடனே அதைத் தண்ணீருக்குள் விட்டார். விட்டதும் வெருட்சியில் அது எல்லாக் குஞ்சுகளையும் துப்பிவிட்டது. மேலேயிருந்து சம்மாட்டி பாய்ந்து வந்தான். மரியநேசன் தன் அவசரப் புத்தியால் அத்தனையும் போகப்போகிறது என்று நினைத்தார்.

குஞ்சுகள் முருகைக்கல்லின் ஓட்டைகளுக்குள் நுழைந்து மறைந்தன. சம்மாட்டி மூக்கைக் கல்லில் இடித்துக்கொண்டு திரும்பினான். சற்று நேரத்தில் ஓட்டைக்கு ஓட்டை கண்கள் எட்டிப் பார்த்தன. மரியநேசன் விரல் வைத்து எண்ணினார். பதினேழு.

அன்று பின்னேரமும் சைக்கிள்கள் வந்தன. "எத்தினை, அண்ணை?"

"பதினேழு."

"ஐயையோ, இருந்ததே பன்னிரண்டெல்லோ! எப்பிடிச் செத்தது?"

"செத்ததில்லையடாப்பா. பிறந்தது."

அவர் உள்ளே வந்தபோது தொட்டி மூடிக்கு மேல் மாதா சுரூபம் நின்றது. பார்த்தும் பாராதவர்போல ஒரு நுள்ளுத் தீனி போட்டார். மஞ்சள் மீன் பொந்தை விட்டு வந்து ஆவலாதியாய்த் தின்றது.

"பெரிய வெள்ளிக்கு இன்னும் அஞ்சு நாள் கிடக்கு, ஒருசந்தியை முறிச்சிட்டாள்" என்று சிரித்தாள் றோசம்மா.

"அவள் பிடிச்சது காணும்." மரியநேசன் இன்னொரு நுள்ளுத் தீனி போட்டார். "மிச்ச அஞ்சு நாளும் நான் பிடிக்கிறன்."