லெனிராவின் ஆறாவது வயது

அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில், எங்கள் தெருவின் மூன்றடுக்கு வீடொன்றில் நடுமாடியில் குடியிருந்த லெனிரா தவாரெஸ், ஆறாவது பிறந்தநாள் கழிந்த பிறகும் எட்டு ஆண்டுகள் ஐந்து வயதிலேயே இருந்தாள். அவளோடு ஒரே பிரசவத்தில் பிறந்த தாரியோவுக்கு அதற்குள் மீசை அரும்பிவிட்டது.

எல்லாம் ஜன்னல்களால் வந்தது. அவற்றின் பழைய வண்ணத்தில் ஈயம். ஏற்றி இறக்கும்போதெல்லாம் தூள் உதிரும். பிள்ளைகள் தூள் ஒட்டிய கையை வாயில் வைக்கும். பரிசோதித்ததில் இரண்டு பேர் ரத்தத்திலும் ஈயம் ஏறியிருந்தது. ஆறு வயது நிரம்பாத பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த ஆபத்தை வீட்டுக்காரர்தான் நீக்க வேண்டும் என்பது எங்கள் மாநிலச் சட்டம். வீட்டுக்காரர் மெடெய்ரோஸோ எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். வக்கீல் வைத்து வாய்தா வாங்கினார்.

"எட்டு மாசம் பொறும்மா. ஆறு வயசாயிட்டா எனக்கும் செலவில்ல, உனக்கும் தொல்லையில்ல."

"உங்க வாய்தா எம்புள்ளைங்க ரத்தத்துக்குத் தெரியுமா சார்?" என்றாள் தாய் இல்டா.

பிறந்தநாளன்று மெடெய்ரோஸ் இனிப்பு ரொட்டியோடு வந்து பார்த்தார். தாரியோவுக்கு ஆறு ஆகியிருந்தது. லெனிராவுக்கு ஆகவில்லை. பல்லையும் எலும்பையும் சோதித்த டாக்டர் 'வயது ஐந்து' என்று எழுதிக் கொடுத்தார். வக்கீல் பிறப்புச் சான்றிதழை நீட்டினார். நீதிபதி கண்ணாடியை மாட்டிப் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சட்டம் பொருந்தும் என்றார். மெடெய்ரோஸ் மேல்முறையீடு செய்தார். ஆண்டுதோறும் ரொட்டி வந்தது, வாய்தாவும் வந்தது. இல்டா ஈரத்துணியால் ஜன்னல் விளிம்புகளைத் தினம் மூன்று வேளை துடைத்தாள். மகன் ஒவ்வொரு வகுப்பாக ஏற, மகள் அதே கவுனில் நின்றாள்.

ஒன்பதாவது ரொட்டியோடு வந்த மெடெய்ரோஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினார். லெனிரா அவரை உற்றுப் பார்த்தாள்.

"மாமா, நாம ரெண்டு பேருந்தானே காத்துக்கிட்டிருந்தோம்? நீங்க மட்டும் ஏன் கிழவனாயிட்டீங்க?"

அவர் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுவாரம் மெடெய்ரோஸ் அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். குடும்பத்தை வேறிடத்தில் தங்கவைத்து, பிளாஸ்டிக் விரித்து, பழைய ஜன்னல்கள் அத்தனையையும் கழற்றிப் புதிது வைத்தார்கள். பரிசோதகர் தூளைத் துடைத்துச் சோதித்துச் சான்றிதழ் தந்தார். வீடு திரும்பிய அன்று மாலை, ரொட்டியைக் கடித்த லெனிராவின் முன்பல் விழுந்தது. இல்டா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். புதுப் பை வாங்க வேண்டியிருக்கவில்லை. தாரியோவுக்கு வாங்கிய அன்றே அவளுக்கும் வாங்கியது, எட்டு வருடமாகக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது.