பெட்ரோல் பங்க் காட்சி

என் மனைவி ரோஹானா என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. அடுப்படியில் நின்றுகொண்டு, ஹாலில் இருக்கும் எனக்கு 'சோறு ரெடி' என்று வாட்ஸ்அப் அனுப்புகிறாள். இதற்கு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

தப்பு என்னுடையதுதான். அக்கரையில், பட்டர்வொர்த்தில் கல்யாண விருந்து முடிந்து திரும்புகையில், ஃபெர்ரி ஏறுமிடத்தில் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போனாள். நான் போனில் கடை விவகாரம் பேசிக்கொண்டே ஃபெர்ரி ஏறிவிட்டேன். இக்கரையில் இறங்கி, கடைக்கே போய்விட்டேன். அவள் அம்மா கூப்பிட்டு, பைக்குள் அவள் கைப்பேசி அடித்தபோதுதான் உறைத்தது.

பதினோரு வருடத்தில் எங்கள் பெரிய சண்டைகள் மூன்றையும் தீர்த்து வைத்தது ஒரே இயக்குநர்தான். குடும்பச் சிரிப்புப் படம் என்றால் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். புதுப் படத்துக்கு டிக்கெட் எடுத்தேன். 'ஓகே' என்று வாட்ஸ்அப் வந்தது.

நாற்பது நிமிடம் தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. மாமனார் வழுக்கி விழுந்தார், மாமியார் தலையில் சாம்பார் கொட்டியது. இதை அவரா எடுத்தார்? சந்தேகப்பட்டு டிக்கெட்டைக்கூடப் பார்த்தேன். படம் அதுதான். ஊரையே சிரிக்க வைத்த மனுஷன், என் நேரம் பார்த்தா இப்படிக் கவிழ்க்க வேண்டும்?

அப்போது கதாநாயகன் மனைவியைப் பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு, பின் சீட்டோடு பேசிக்கொண்டே பத்து மைல் ஓட்டினான். அப்பாடா, சிரிக்க ஓர் இடம் கிடைத்ததே என்று வாய்விட்டுச் சிரித்தேன். தியேட்டரில் நான் ஒருவன்தான். பாதிச் சிரிப்பில்தான் அது என்ன காட்சி என்பது மூளைக்கு எட்டியது.

கார் நிறுத்துமிடத்தில் கேட்டாள்: "எதுக்கு மச்சான் சிரிச்சீங்க?"

ஒன்பது நாளில் முதல் பேச்சு. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

"தெரியல புள்ள. படம் எனக்கும் பிடிக்கலலா. ஆனா எப்பவும் நல்லா எடுக்கற ஆளாச்சே. இப்ப சிரிப்பு வரும், இப்ப வரும்னு ஒக்காந்திருந்தேன்."

"நானும் அப்படித்தான். எப்பவும் கரெக்டா இருக்கற மனுசனாச்சே, இப்ப வருவாரு, இப்ப வருவாருன்னு பட்டர்வொர்த்துல ஒன்றரை மணி நேரம் ஒக்காந்திருந்தேன். பக்கத்துல போன் கேட்டா குடுத்திருப்பாங்க. கேக்கல. கேட்டா, நீங்க என்னை மறந்துட்டீங்கன்னு ஆயிடும்லா."

நான் கார்க் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பக்கத்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மூன்றாவது விளக்கில், "இங்கதான் இருக்கேன் மச்சான், ரோட்டப் பாருங்க" என்றாள்.

அது கோபமா சிரிப்பா, எனக்கு இன்னும் தெரியவில்லை.