ஒட்டடைக்கம்புக்கு விழுந்த ஓட்டுகள்

ஓட்டுப் போடும் நாளன்று உருளையக்காவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரே ஒரு தூக்கம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், ஊர் நோயாளிகள் அத்தனை பேரும் படுத்துப் புரண்ட விரிப்புகளைத் துவைத்த ஈரத்தோடு சூட்டு உருளைக்குள் விட்டு, மறுபக்கம் மொடமொடவென்று எடுப்பது அவள் வேலை. பேரும் அப்படித்தான் வந்தது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் இதுவரை தேய்த்த விரிப்புகளை முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். மிச்சத்தில் நிலாவுக்கே ஒரு திரைச்சீலை தைத்து மாட்டலாம்.

இரவு வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைத்தால், அங்கே கச்சேரி ஏற்கெனவே களைகட்டியிருந்தது. அவள் கணவன் முடிதிருத்துபவன். ஊரில் பாதிப்பேர் வழுக்கையாகிவிட்டதால் அவன் கத்தரிக்கோல் துருப்பிடித்து, நாக்கு மட்டும் கூர்மையாகிக்கொண்டே வந்தது. அன்று அவன் நாற்காலியில் அகப்பட்டவர் அவனைப் பெற்றவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கண்ணில் புரை, காதில் அடைப்பு, வாயில் மட்டும் எந்தக் குறையும் கிடையாது.

"மூளை இருக்கிறவன் சர்க்கரைக்குப் போடுவான். இல்லாதவன் ஒட்டடைக்கம்புக்குப் போடுவான். அவ்வளவுதான்பா விஷயம்," என்றான் மகன்.

"மூளையாவது, மண்ணாவது! எல்லாரும் தன் வயித்தைப் பார்த்துத்தான்டா போடுவான். ஆயுசு பூரா பஸ் ஓட்டினேன். என் ஸ்டாப்புல நிறுத்துன்னு கத்தினவனைத்தான் பார்த்திருக்கேன். அடுத்தவன் ஸ்டாப்புல நிறுத்துன்னு ஒருத்தனாவது கத்தினானா?"

"ஆடாதீங்கப்பா, காது போயிடும்."

"போனா என்ன, அதால எனக்கு என்ன லாபம் இப்ப?"

கணவன் அவள் பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்ற?"

"நான் காலை நீட்டணும்னு சொல்றேன்," என்று சுவரோரமாகச் சரிந்தாள்.

நகராட்சித் தலைவர் நாற்காலிக்குப் போட்டி இரண்டே பேர். ஒருவருக்கு ஊர் வைத்த பேர் சர்க்கரை. வாயைத் திறந்தால் எறும்பு மொய்க்கும். சாலை கேட்டவனுக்குச் சாலை, பாலம் கேட்டவனுக்குப் பாலம், ஆறே இல்லாத தெருவுக்கும் ஒரு பாலம். மற்றவர் ஒட்டடைக்கம்பு. ஓட்டு வீட்டுக் கூரையை நின்ற இடத்திலிருந்தே தடவிப் பார்க்கும் உயரம், காற்றடித்தால் வளைவார். தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தவர். பொய் சொல்ல வராது என்பதுதான் அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே வியாதி.

அந்த வியாதியோடு அவர் போன வாரம் நேரே சலவைக்கூடத்து வாசலுக்கே வந்து நின்றார். கொட்டுகிற மழை. குடையில் கம்பி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். "நான் ஜெயிச்சா இந்தக் கூடத்தை மூடிடுவேன்," என்று சலவைக்காரர்களிடமே சொன்னார். "பக்கத்து ஊர் ஆலையில வெளுத்தா செலவு பாதியாகும். மிச்சத்துல மேட்டுத் தெருவுக்கு ஒரு ஆம்புலன்ஸ் வாங்கலாம். அங்க பிரசவம்னா கட்டிலோட தூக்கிட்டு வர்றாங்க. அதனால எனக்கு ஓட்டுப் போடுங்க."

கூடமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சலவைப் பெண்களில் சங்கு என்று ஒருத்தி இருந்தாள். அவள் பேசினால் பக்கத்து ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். அவள்கூடக் கோபப்படவில்லை. "நனையாதீங்கய்யா, உள்ள வாங்க," என்று தலை துவட்ட ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். அவர் துவட்டி, மடித்து, நன்றி சொல்லி, மறுபடி மழையில் இறங்கிப் போனார். எதிர்ச்சாரியில் சர்க்கரையின் நோட்டீசை விநியோகித்துக்கொண்டிருந்தவன் ஒட்டடைக்கம்பின் சொந்த மைத்துனன்.

உருளையக்காவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கூடம் மூடினால் அவள் வீட்டில் அடுப்பும் மூடும். சர்க்கரைக்கு ஒரு கோடு, பிறகு தூக்கம். அவ்வளவுதான் அவள் அரசியல்.

மாமனாருக்குச் சீட்டில் உள்ள எழுத்து கண்ணுக்குத் தெரியாது என்பதால், துணைக்குப் போய் அவர் சொல்கிறபடி கோடு போட வேண்டியதும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் வரிசை பிள்ளைகள் பெஞ்சையெல்லாம் சுற்றிக்கொண்டு தெருவரை நின்றது. பெரும்பாலும் சலவைக்கூடத்து ஆட்கள். இரவு வேலை முடிந்த கண்கள், பகல் வேலைக்குப் போகும் கொட்டாவிகள். மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரியம்மா, "அவர் சொல்றதை அப்படியே போடுவேன், வெளிய சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க," என்றாள். உருளையக்கா சொன்னாள். இருவரும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார்கள்.

"யாருக்கு மாமா?" என்று அவர் காதுக்குள் கேட்டாள்.

மாமனார் ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் காது கேட்காதவர் ரகசியம் எப்படி இருக்கும்? கூரை ஓடுகள் நடுங்க, சன்னலில் இருந்த புறா மூன்று தெரு தள்ளிப் போய் உட்கார்ந்தது.

"ஒட்டடைக்கம்புக்குப் போடும்மா!"

வரிசை கொல்லென்று சிரித்தது.

"ஐயா, ரகசியம்! ரகசியம்!" என்று அதிகாரியம்மா மேசையைத் தட்டினாள்.

"மாமா, அவர் வந்தா என் வேலை போயிடும். தெரியும்ல?"

"அவன் எங்கம்மா வரப்போறான்! தோக்கத்தான் போறான். மச்சினனே எதிராளிக்கு நோட்டீஸ் குடுக்கறான், பாவம். நம்ம பெட்டியில ஒரு ஓட்டும் விழலைன்னா நாளைக்கு இந்தத் தெருவுல எப்படி நடப்பான்? ஒண்ணே ஒண்ணு போடு. அதால உலகம் கவுந்துடாது."

"தன் வயித்தைப் பார்த்துத்தான் போடுவாங்கன்னு காலையில சொன்னீங்களே?"

"அது ஊரைச் சொன்னேன்டி!"

கையில் பென்சில் இருந்தது. அவருக்குக் கண் தெரியாது. சர்க்கரைக்குப் போட்டுவிட்டு, போட்டாச்சு மாமா என்றால் தீர்ந்தது. ஆனால் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவளிடம் அதுவும் மிச்சமில்லை. அவர் சொன்ன இடத்திலேயே கோடு போட்டாள்.

பிறகு அவள் தன் சீட்டோடு அதே தடுப்புக்குப் பின்னால் தனியாக நின்றாள். வெளியே மாமனார் வெறுமனே சிரித்தபடி நிற்க, யாரோ அவர் குரலில் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெட்டியில் ஒட்டடைக்கம்புக்கு ஒற்றை ஓட்டு விழுந்தால், அது யார் ஓட்டு என்று ஊருக்கே தெரியும். கிழவரை நெடுநாள் வைத்து ஓட்டுவார்கள். இன்னொன்று துணைக்கு விழுந்தால்? எத்தனை பேர் வரிசையில்! அத்தனையும் சர்க்கரைக்குத்தானே போகிறது. ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்? இரண்டாவது கோட்டையும் அதே இடத்தில் இழுத்துவிட்டு, வீட்டுக்குப் போய், செத்தவள் போலத் தூங்கினாள்.

மறுநாள் ஒட்டடைக்கம்பு ஜெயித்துவிட்டார்.

மேட்டுத் தெருக்காரர்கள் ஆம்புலன்ஸுக்காக அவருக்கே போட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். அவரை ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பெட்டி கவிழ்க்கும் என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அந்தப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியபோது, ஒட்டடைக்கம்புக்கு விழுந்த சீட்டுகள் அருவி மாதிரி கொட்டின. எண்ணியவர்களுக்கு விரல் சுளுக்கிக்கொண்டது என்று கேள்வி.

கணவன் கடையில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டான். "இந்த ஊர்ல மூளையே கிடையாது," என்று சொல்லிச் சொல்லி அவன் தொண்டை கட்டிப்போனது.

உருளையக்காவுக்கு அன்று பகல் வேலை. சலவைக்கூடத்தில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எவடி போட்டா? மரியாதையா சொல்லுங்க!" என்று சங்கு ஊதினாள். "நான் போடல," என்றாள் மடிப்புக்காரி. "நானும் போடல." "நான் அந்தப் பக்கமே போகல." உருளையக்காவும் தலையை ஆட்டிவைத்தாள். ஊதிய சங்கின் கழுத்து வியர்த்திருந்ததை மட்டும் கவனித்தாள். நேற்று வரிசையில் அவளுக்கு அடுத்தபடியாக நின்று, மாமனாரின் ரகசியத்தைக் கேட்டு முதலில் சிரித்தவள் சங்குதான்.

மத்தியானம் ஒட்டடைக்கம்பே வந்துவிட்டார். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். கண் வீங்கியிருந்தது. தோற்றால் பேச ஒரு பேச்சு தயாராக வைத்திருந்தாராம். ஜெயித்தால் என்ன பேசுவதென்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"உங்களைக் கும்பிடத்தான் வந்தேன்," என்றார். "உங்க வேலை போகும்னு தெரிஞ்சே, மேட்டுத் தெரு பிள்ளைத்தாச்சிகளுக்காகப் போட்டிருக்கீங்க. இப்படிப்பட்ட மனசை நான் எங்கயும் பார்த்ததில்ல. உங்க நம்பிக்கையைக் காப்பாத்துவேன். மழைக்காலம் முடிஞ்சதும் மூடிடுவேன்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். உருளையக்காவுக்கு அசதியாக வந்தது. இப்போது வாயைத் திறந்தால் இந்த மனுஷன் முகம் விழுந்துவிடும். திறக்காவிட்டால் வேலை விழும். நேற்று ஒரு முறை பாவம் பார்த்து ஆயிற்று. இரண்டாவது முறைக்கு அவளிடம் சரக்கு இல்லை.

"ஐயா, மேட்டுத் தெருவுக்காகப் போடலைங்க."

"பின்ன?"

"நீங்க தோத்துடுவீங்கன்னு நினைச்சுத்தான் போட்டேன். எங்க பெட்டியில ஒரு ஓட்டும் விழாம அசிங்கப்படுவீங்களேன்னு. மூடச் சொல்லிப் போடலைங்கய்யா."

அவர் அழுக்குத்துணி மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்தும் நிற்பவர்கள் உயரம் இருந்தார். "நீங்க மட்டுமா?" என்றார்.

மடிப்புக்காரி கையைத் தூக்கினாள். பிறகு கொதிகலன்காரர். பிறகு பொத்தான் தைப்பவள். பிறகு ஒவ்வொன்றாக, சோப்பு நுரையோடு கைகள். கடைசியில் சங்கும் தூக்கினாள், அவ்வளவு உயரமாக இல்லை.

"என் பெண்டாட்டி எனக்குப் போடல," என்றார் அவர். "நேத்தே சொல்லிட்டா."

"அப்ப மூடாதீங்கய்யா. எங்களைக் கொஞ்சம் பாருங்க."

"நீங்க எனக்காகப் பாவப்பட்டீங்க. நான் உங்களுக்காகப் பாவப்பட்டு நின்னுட்டா, அந்த மேட்டுக்காரிக்கு யாரும்மா பாவப்படுறது? கட்டிலைத் தூக்கினவங்களை நான் பார்த்தேன். வழியிலேயே…" மூட்டையிலிருந்து நழுவிய துணியை உள்ளே தள்ளினார். "மூடத்தான் போறேன். ஆலையில உங்களைச் சேர்த்துக்கச் சொல்லிக் கேட்பேன். சேர்த்துப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது."

சர்க்கரையாக இருந்தால் சேர்த்துப்பாங்க என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டுவிட்டு இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

"அடுத்த தடவை உங்களுக்குப் போட மாட்டேங்கய்யா," என்றாள் உருளையக்கா.

"கோவமா?"

"கோவமில்ல. அடுத்த தடவை நீங்க பாவமா இருக்க மாட்டீங்க. நாங்கதான் இருப்போம்."

வெளியே டிராலி நிறைய ஈர விரிப்புகள் வந்து நின்றன. கூடம் இன்னும் மூடவில்லையே. உருளையக்கா ஒரு விரிப்பை உதறினாள். எதிர்முனையைப் பிடிக்க வேண்டிய மடிப்புக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நகராட்சித் தலைவர் எழுந்து, அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். தன் உயரத்துக்கு, ஒரே கோணலாக.

"இறக்கிப் பிடிங்க," என்றாள் அவள். "சுருக்கம் விழுந்துடும்."