இக்னேசியசுக்கு ஒரு மலை

ஸெய்னுதீன் நானாவின் சைக்கிள் கடைக்கு ஆட்கள் காசோடு போய்க் காசோடு திரும்பி வந்தார்கள். மணி உள்ள சைக்கிளுக்கு அவர் மணி விற்க மாட்டார். புது மணி கேட்டு வந்த மீன் வியாபாரி ஒருவரின் பழைய மணியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கடை வாசலில் நின்று தெரு கேட்க அடித்துக் காட்டி, வெறுங்கையோடு அனுப்பிவைத்தவர் அவர். தேவையில்லாத சாமானை ஒருவன் தலையில் கட்டினால் மறுமையில் அதைத் தான்தான் சுமக்க வேண்டி வரும் என்று நம்பினார்.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. இறக்குமதி திறந்துவிடப்பட்டு, முன்பு கண்ணால் காணாத சாமான்களெல்லாம் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வரத் தொடங்கியிருந்தன. ஸெய்னுதீனின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. ரேஸ் சைக்கிளின் முன்பக்கத்துக்குப் பூட்டுகிற பல்லுச்சில்லுச் சோடி. பெரியதும் சின்னதும் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கும். பின்னால் ஐந்து கியர் உள்ள சைக்கிளுக்கு இதைப் பூட்டினால் ஐந்தும் பத்தாகிவிடும்.

துறைமுகப் பண்டகசாலையில் எழுதுவினைஞராக இருந்த இக்னேசியசிடம் ஐந்து கியர் ரேஸ் சைக்கிள் ஒன்று இருந்தது. பாலையூற்றிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தார். ஒரு மாதம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"எந்த மலைக்கு?" என்று கேட்டார் ஸெய்னுதீன்.

"என்ன நானா?"

"சின்னச் சில்லு மலை ஏறுறதுக்கு உள்ள சாமான். நீங்க இரிக்கிற பாலையூத்துல. வேலை துறைமுகத்துல. நடுவுல எங்க மலை?"

அது மினுங்குகிறது, அதனால் வேண்டும் என்பதுதான் உண்மையான பதில். நாற்பது வயது தாண்டிய அரசாங்க உத்தியோகத்தன் அதை வாயால் சொல்ல முடியாது. "உவர்மலை" என்றார் இக்னேசியஸ். "எங்கட பெரிய கிளாக்கர் இராசதுரையர் அங்கதான் இருக்கிறார். எப்பவாவது போகவேண்டி வரும்."

ஸெய்னுதீன் தாடியைத் தடவி யோசித்தார். "சரி. ஞாயித்துக்கிழமை போவம். பாதில இறங்கினீங்களெண்டா சாமான் உங்களுக்கு. நானே பூட்டித் தாறன். இறங்காம ஏறினீங்களெண்டா உங்களுக்குத் தேவையில்ல."

இக்னேசியஸ் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஏறச் சொன்னால்தான் கஷ்டம். இறங்குவதற்கு என்ன வித்தை தெரிய வேண்டும்?

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் உவர்மலை அடிவாரத்தில் சந்தித்தார்கள். கியர் இல்லாத கறுத்தப் பாரச் சைக்கிளில் குடையோடு வந்திருந்த ஸெய்னுதீன் மர நிழலில் நின்றுகொண்டார். இக்னேசியஸ் ஏறத் தொடங்கினார். பாதி வழியில் ஒரு விளக்குக் கம்பம். இறங்குகிற இடம் அதுதான் என்று கீழேயிருந்தே குறித்துவைத்திருந்தார். கம்பம் வந்தது. மூச்சும் நன்றாகத்தான் வாங்கியது. ஒரு காலைப் பெடலிலிருந்து எடுத்தும்விட்டார். அப்போதுதான் பக்கத்து வளவில் குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த இராசதுரை தலையை நிமிர்த்தினார்.

"என்ன இக்னேசியஸ், ஏலாமல் போச்சோ?"

கேலியாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மனுசன் உண்மையான இரக்கத்தோடு கேட்டார். எடுத்த கால் தானாகவே பெடலுக்குத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு நடந்தது இக்னேசியசுக்குச் சரியாக நினைவில்லை. கண் தெளிந்தபோது அவர் மலை உச்சியில் நின்றார். தன் பாரச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்த ஸெய்னுதீன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மாஷா அல்லாஹ். இரிக்கிற கியர் உங்களுக்குத் தாராளம்."

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி மனைவி மக்டலினிடம் நடந்ததைச் சொன்னார்.

"இறங்கியிருக்கலாம்தானே?" என்றாள் மக்டலின்.

"ஏலாமல் போச்சு."

"ஏற ஏலாத ஆக்களைக் கண்டிருக்கிறன். இறங்க ஏலாத ஆளை இப்பதான் பாக்கிறன்."

இக்னேசியசுக்கு விட்டுவிட மனம் வரவில்லை. மறுபடி கடைக்குப் போய், உவர்மலை சின்ன மலை, கோணேசர் கோயில் ஏற்றத்தில் பார்ப்போம் என்றார். ஸெய்னுதீன் நியாயமான மனிதர், ஒப்புக்கொண்டார். இந்த முறை இக்னேசியஸ் முன்யோசனையோடு பயிற்சி எடுத்தார். மாலை வேலை முடிந்து வந்ததும் வளவில் முருங்கையைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் ஓடி, இறங்கிப் பழகினார். மக்டலின் குசினி யன்னலால் எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"இப்ப இறங்குங்கோ. இறங்கி, ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"ஏலாது."

"பேர் கேட்டாச் சொல்லுறமாதிரிச் சொல்லுறீங்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிச் சொல்லுங்கோ."

"ஏலாது, நானா."

"ஓம், இது காணும்."

ஆனால் இராசதுரை சும்மா இருக்கவில்லை. உவர்மலையில் தான் கண்ட அதிசயத்தைப் பண்டகசாலைக் கந்தோரில் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம், கோயில் ஏற்றம் தொடங்குகிற கோட்டை வாசலுக்குப் போனால் பண்டகசாலையே அங்கே நின்றது. பூசைக்கு வந்த சனம் என்னவோ ஏதோ என்று தானும் நின்றது. சோடா விற்பவன் வண்டியை ஒதுக்கி வழிவிட்டான். ஸெய்னுதீன் குடையை உயர்த்தினார்.

முதல் வளைவில் இறங்கலாம் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் கைதட்டல். அடுத்த வளைவில் கோட்டைக்குள் திரிகிற மான் ஒன்று குறுக்கே வந்து நின்றது. மானுக்காக இறங்கினேன் என்றால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். இக்னேசியஸ் மனதுக்குள் புனித அன்னம்மாளுக்கு நன்றி சொல்லிவிட்டு பிரேக்கைப் பிடிக்கப் போனார். மான் அவருடைய முகத்தைப் பார்த்து, ஏதோ அவசர காரியம் என்று நினைத்ததோ என்னவோ, மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. சனம் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தில் இறங்குவதற்கு ஒரு மனிதனுக்குப் பிறவியிலேயே துணிவு வேண்டும்.

உச்சியில் யாரோ அர்ச்சனை மாலையைக் கழுத்தில் போட்டு, நெற்றியில் திருநீறும் பூசிவிட்டார்கள். கத்தோலிக்கர் ஒருவர் கோணேசர் வாசலில் மாலையோடும் திருநீற்றோடும் நின்ற செய்தி அன்று இரவே பங்குச் சுவாமியாருக்குப் போய்விட்டது.

பின்னால் ஏறி வந்து சேர்ந்த ஸெய்னுதீன் கண் கலங்கியிருந்தார். "கிளாக்கர், நான் ஒரு விசயம் யோசிச்ச. நீங்க ஏறக்கொள்ள நான் பின்னால பாத்துட்டு வந்த. அஞ்சு கியர்ல ரெண்டுக்கு நீங்க போகவே இல்ல. பாவிக்காத சாமானை வெச்சிரிக்கிறதும் வீண்விரயம்தான். அந்த ரெண்டையும் கழட்டித் தாறன், கூலி வேணாம்." சாரத்து மடியிலிருந்து நட்டுக் கழற்றும் சாவி ஒன்றை எடுக்கத் தொடங்கினார். இக்னேசியஸ் மாலையோடு சைக்கிளில் தொற்றி இறக்கத்தில் பறந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஊரில் பெரிய மனிதர். முடி வெட்டும் கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு விரலால் சுட்டிக் காட்டினார்கள்.

ஆனி பிறந்ததும் கச்சான் காற்றும் வந்தது. திருகோணமலைக் கச்சான் என்றால் ஆளை அடுப்புக்குள் வைத்து ஊதுவது போல. பின்னேரங்களில் துறைமுகத்திலிருந்து பாலையூற்றுக்கு வரும் வழி முழுக்க அது முகத்தில்தான் அடிக்கும். வழியோ தட்டைப் பாய் விரித்த மாதிரி. அந்தத் தட்டை வழியில், இரண்டு மலை ஏறிய இக்னேசியசுக்கு மிதிக்க ஏலாமல் போனது. இறங்கித் தள்ளலாம் என்றால் வீதி முழுக்கக் கண்கள். ஆகவே லிங்கநகர்ப் பக்கத்து ஒழுங்கைகளுக்குள் புகுந்து, மதிலோடு மதிலாகச் சைக்கிளைத் தள்ளி, இருட்டுகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்.

நாலைந்து நாள் பார்த்த மக்டலின், ஒரு நாள் எதிரே நடந்து போனாள். கல்லறைகள் உள்ள சேமக்காலையின் மதில் மறைவில் கணவர் சைக்கிளைப் பிடித்தபடி, தெருவில் ஆள் போய் முடியட்டும் என்று பதுங்கி நின்றார்.

"இஞ்சேருங்கோ, இதென்ன கோலம்?"

"காத்து."

"அப்ப காத்துக்கு எண்டு சொல்லி அந்தச் சாமானை வாங்குங்கோவன். இதுதானே உண்மையான தேவை."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஸெய்னுதீன் முழுக்கக் கேட்டார். மேசையில் இருந்த தூசியைத் துடைத்தார். பிறகு இல்லை என்று தலையாட்டினார்.

"காத்து மலை இல்ல கிளாக்கர். மலை இரிக்கிற இடத்துல இரிக்கும். காத்து நாளைக்கு நிண்டு போச்செண்டா நான் வித்த சாமான் சும்மா கிடக்கும். அதோட, கோட்டை மலை ஏறின மனிசன் தட்டை ரோட்டுல ஏலாது எண்டா நம்பவா சொல்ற?"

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மக்டலின் பஸ் ஏறிச் சைக்கிள் கடைக்குப் போனாள். ஸெய்னுதீன் ஜும்மாவுக்குப் போயிருந்தார். கடைக் கதவு பூட்டியிருந்தது. பின்பக்கம் போய், "மைமூனா ராத்தா" என்று கூப்பிட்டாள். அங்கே அவளுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் மணி வாங்கிக்கொண்டு போனார். பழைய மணியோடு திரும்பிப் போன மீன் வியாபாரிதான் அவர்.

ஸெய்னுதீனின் மனைவி மைமூனா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சாமான் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் எதற்கு என்று கேட்கவில்லை.

"இவர் பள்ளிக்குப் போற நேரத்துலதான் தங்கச்சி இந்தக் கடை நடக்குது" என்றாள். "உங்களுக்கு என்ன வேணும்?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற சோடிச் சில்லு. பேர் தெரியாது."

மைமூனா சற்றே யோசித்தாள். "அதைத்தான் அவர் தினமும் பாக்கிற. பரவாயில்ல, வழி இரிக்கு." பழைய பல்லுச்சில்லு இரண்டைப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, புதியதைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

அதைப் பூட்டத் தெரிந்தவர் திருகோணமலையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். இக்னேசியஸ் இரண்டு நாள் தயங்கிவிட்டு ஸெய்னுதீனிடமே கொண்டுபோனார். ஸெய்னுதீன் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கயோ ஒரு யாவாரி உங்கள ஏமாத்திப்போட்டான்" என்றார் துக்கத்தோடு. "என்னட்ட இதே சாமான் இரிக்கு, பாருங்க. நான் வித்தனா?" கண்ணாடிப் பெட்டியைக் காட்டிவிட்டு, பிள்ளைக்குக் காது குத்துகிற கவனத்தோடு ஒழுங்காகப் பூட்டிக் கொடுத்தார்.

பத்துக் கியரும் வந்துவிட்டது. ஆனால் இக்னேசியஸ் சின்னச் சில்லுக்கு மாற்றவில்லை. அதற்கு மாற்றினால் கால் விறுவிறென்று சுற்றும். தூரத்தில் வருகிறவனுக்கும் அது தெரியும். கோட்டை மலை ஏறியவர் கச்சானுக்குத் தோற்றுவிட்டார் என்பார்கள். பெரிய சில்லிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார், ஏலாத இடத்தில் பழையபடி ஒழுங்கைக்குள் இறங்கினார்.

ஒரு நாள் பின்னேரம் கலியாண வீடொன்றிலிருந்து இருவரும் வந்துகொண்டிருந்தார்கள். மக்டலின் முன் பாரில் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தாள். கச்சான் மணலை வாரி முகத்தில் இறைத்தது. கணவருடைய மூச்சு அவளுடைய பிடரியில் புகையிரதம் மாதிரி அடித்தது. எதிரே இராசதுரை குடையோடு வந்துகொண்டிருந்தார். இக்னேசியஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார், சைக்கிளோ நின்றுவிடப் பார்த்தது.

மக்டலின் சேலையை ஒரு கையால் ஒதுக்கி, குனிந்து, சட்டத்தின் கீழ்க் கம்பியில் இருந்த கியர்ப் பிடியை முன்னால் தள்ளினாள். செயின் கடகடத்துச் சின்னச் சில்லில் விழுந்தது. கால் இலேசாகிச் சுற்றியது.

"ஆர் மாத்தச் சொன்னது?" என்றார் இக்னேசியஸ் அதிர்ந்து.

"நான்தான் மாத்தினது. நீங்கள் மாத்தேல்லை. ஆரும் கேட்டா என்ரை பேரைச் சொல்லுங்கோ."

இராசதுரை கடந்து போகையில் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். "மிஸிஸ்தான் கியர் போடுறா போலை" என்றார்.

"ஓம் சேர், அவதான்" என்றார் இக்னேசியஸ். அப்படிச் சொன்னதில் அவருக்கு ஒரு வெட்கமும் வரவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தக் கச்சான் முடியும்வரை, வேலை விடுகிற நேரத்துக்கு மக்டலின் பஸ் ஏறித் துறைமுக வாசலுக்கு வந்து நின்றாள். இக்னேசியஸ் வெளியே வந்ததும் பாரில் ஏறி உட்கார்ந்து, தேவையான இடத்தில் கியரை மாற்றி, அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவள் பாரில் இல்லாவிட்டால் சைக்கிளின் பாரம் பாதியாகும், கியரே தேவைப்படாது என்று பண்டகசாலையில் சிலர் கணக்குப் பார்த்தார்கள். இக்னேசியசும் அதை யோசிக்காமல் இல்லை. ஆனாலும் அவர் அதை வீட்டில் சொல்லவில்லை.