மாப்பிள்ளை மட்டும் வேண்டாம்

பஃபலோ ஹார்பர்ஸ் அணி தன் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பிய அன்றே, ஸ்டாஷின் மதுக்கடையில் புது மேனேஜரைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார்கள். பியர் கோப்பை காலியாகும்போதெல்லாம் அவரை மாற்றியும்விட்டார்கள். சொந்த நாயை உட்காரவைக்கத் தெரியாதவர்கள்கூட, ஒரு பேஸ்பால் அணியை எப்படி மேய்ப்பது என்று கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டே வகுப்பெடுத்தார்கள். அணி உரிமையாளரின் விமானம் ஃபீனிக்ஸில் இறங்கியதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு வேலை உறுதி என்றார்கள். மனிதர் கோல்ஃப் ஆடப் போயிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடையின் வாடிக்கைக்காரர் செஸ்டர் வோய்ச்சிக்குக்கு மட்டும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அடிபட்ட பெயர்களில் டேல் ஆம்ஸ்லரும் இருந்தான். அதே அணியில், ஆட்டத்தின்போது மைதானத்தில் மூன்றாம் பேஸ் அருகே நின்று, ஓடுகிறவனுக்கு ஓடு, நில் என்று கை காட்டும் பயிற்சியாளன். செஸ்டரின் மகள் ரெனாட்டாவின் கணவன். வேறு மாமனாராக இருந்தால் ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்திருப்பார். செஸ்டருக்கோ ஓய்வு பெற்றபின் இருந்த ஒரே சுகம் ஹார்பர்ஸ் மேனேஜரைத் திட்டுவது. மாப்பிள்ளையே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் யாரைத் திட்டுவது? கடையே சேர்ந்து திட்டும்போது இவர் மட்டும் வாயில் கொழுக்கட்டையோடு இருக்க வேண்டும்.

அதனால் தினமும் காலையில் கார் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விளையாட்டு வானொலிக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பெயரும் ஊரும் சொன்னால் போதும், யாரும் சரிபார்ப்பதில்லை.

“சீக்டோவாகாலேர்ந்து ரே பேசறேன். யார வேணா போடுங்க, அந்த ஆம்ஸ்லர் மட்டும் வேண்டாம். டிராஃபிக் போலீஸ்காரன்கூட அவனவிட ஒழுங்கா கை காட்டுவான்.”

ரேயின் பேச்சு ஊருக்கு ரொம்பவே பிடித்துப்போனது. கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். செஸ்டர் உள்ளே வந்தால் மட்டும் மரியாதைக்குக் குரலைத் தாழ்த்தினார்கள். அவரும் மனம் புண்பட்டவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். அந்த நடிப்பில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், செஸ்டர் கடையில் இருந்தபோது ரெனாட்டா போனில் கூப்பிட்டாள்.

“அப்பா, வேலைய அவருக்குத்தான் குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்லிட்டார்.”

எழுந்து ஆடலாம்போல் இருந்தது செஸ்டருக்கு. ஐயோ, ஏன் என்று கேட்டுவைத்தார்.

“ரேடியோல ரேன்னு பேசினா உங்க குரல் எனக்குத் தெரியாதாப்பா? அவரும் தெனம் கார்ல கேட்டுட்டுதான் போனார். வீட்டு மனுஷரே இப்படிப் பேசினா ஊரு என்ன பேசும்னார். கலிஃபோர்னியால வேற டீம்ல கூப்பிட்டிருக்காங்க. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அங்கயே போயிடறோம். நீங்க இனிமே நிம்மதியா திட்டுங்க.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

அதே நேரம் டிவியில் புது மேனேஜரின் பெயர் ஓடியது. கடையில் ஒருவர்கூட வாயால் சொல்லியிராத பெயர். இது தனக்கு முன்பே தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்டாஷ் செஸ்டர் முன்னால் நுரை பொங்க ஒரு கோப்பையை வைத்தான்.

“ஆரம்பி செஸ்டர். உன்னளவுக்குத் திட்ட இங்க ஆள் ஏது?”

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். வாய் நிறைய வசவு வந்தது. அத்தனையும் ஒரே ஆளுக்குத்தான் பொருந்தியது, அந்த ஆள் மேனேஜர் இல்லை.